கந்தகத்துக்கும் ஒரு மாற்று வழி வேண்டும்

முக்கியக் கனிமங்களின் பட்டியலை ஒவ்வொரு நாடும் போட்டி போட்டுக்கொண்டு வெளியிடுகிறது. இந்தியா 2023-இல் வெளியிட்ட பட்டியலில் லித்தியம், கோபால்ட், நிக்கல், தாமிரம் என 30 கனிமங்கள் உண்டு. கந்தகத்துக்கு அதில் இடமில்லை. ஆனால் காங்கோவின் தாமிர, கோபால்ட் தாதுக்களில் பெரும்பகுதியைக் கரைத்தெடுப்பது கந்தக அமிலம்தான். இந்தோனேசியாவின் செம்மண் தாதுவிலிருந்து பேட்டரிக்கான நிக்கலைப் பிரிக்கும் ஆலைகளில், ஒரு டன் நிக்கலுக்கு ஏறக்குறைய பத்து டன் கந்தகம் செலவாகிறது. அமிலம் நின்றால் சுரங்கத்தில் தாது இருந்தும் பயனில்லை. கனிமப் பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஊர்களில் ஒன்று, அபுதாபியின் மேற்குக் கோடியில் உள்ள ருவைஸ்.

பாலைவனத்தின் நடுவே உள்ள ஷா வயலில் கிடைக்கும் எரிவாயுவில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு ஹைட்ரஜன் சல்பைடு. மூச்சில் ஏறினால் உயிரைக் குடிக்கும் நச்சு. 2015 முதல் அங்கே அதைப் பிரித்துக் கந்தகமாக்குகிறார்கள். உருகிய கந்தகம் குளிர்ந்து மஞ்சள் குருணையாகிறது. மூடிய வேகன்களில் ஏறி ருவைஸ் துறைமுகத்துக்கு வருகிறது. ஐக்கிய அரபு அமீரகத்தின் எதிஹாட் ரயில் திட்டத்தில் முதல் கட்டமான 264 கிலோமீட்டர் பாதை போடப்பட்டதே இந்தச் சரக்குக்காகத்தான். ஒரு ரயில் சுமார் 11,000 டன் சுமக்கும். இத்தனை ஏற்பாட்டுக்குப் பிறகும் கப்பல் வெளியேற ஹோர்முஸ் நீரிணை ஒன்றே வழி. கச்சா எண்ணெய்க்கு அந்த நீரிணையைச் சுற்றிப்போக ஹப்ஷானிலிருந்து ஃபுஜைராவுக்கு 2012-இலேயே குழாய் போட்டுவிட்டார்கள். கந்தகத்துக்கு அப்படி எதுவும் செய்யவில்லை.

செய்ய முடியாத காரியமும் அல்ல இது. 2023 முதல் எதிஹாட் சரக்கு ரயில் நாட்டின் குறுக்கே ஓடி ஹோர்முஸுக்கு வெளியே உள்ள ஃபுஜைராவைத் தொடுகிறது. பாதை இருக்கிறது, அங்கே வேண்டியது கந்தகக் கிடங்கும் ஏற்றுமதித் தளமும்தான். மலிவான சரக்குக்கு இவ்வளவு செலவா என்று கேட்கலாம். 2024-இன் தொடக்கத்தில் டன் 100 டாலருக்கும் கீழே விற்ற வளைகுடாக் கந்தகம், 2025 முடிவதற்குள் பல மடங்கு ஏறிவிட்டது. கனடாவின் ஆல்பர்ட்டாவில் கந்தகம் மலைபோல் குவிந்து கிடக்கிறதே என்பார்கள். உண்மைதான். ஆனால் கடலுக்கு வெகுதூரத்தில் கிடக்கும் அந்தக் குவியல், அமில ஆலை வாசலில் இந்த மாதம் தீர்ந்துபோகும் இருப்புக்கு ஈடாகாது. கந்தகத் தூள் தீப்பிடிக்கும் என்ற அச்சம் மட்டுமே எனக்குக் கனமான ஆட்சேபமாகப் படுகிறது. ருவைஸில் அன்றாடம் கையாளும் பாதுகாப்பு முறைகளை ஃபுஜைராவிலும் முழுமையாகக் கொண்டுவராமல் ஒரு வேகன்கூட அங்கே போகக்கூடாது.

நீரிணை திறந்திருந்தால் மட்டும் வரத்து உறுதியாகிவிடாது. 2025 பிப்ரவரியில் ஜாம்பியாவில் ஒரு தாமிர ஆலையின் கழிவு அணை உடைந்து, அமிலக் கழிவு காஃபுவே ஆற்றில் கலந்தது. மீன்கள் செத்தன, கிட்வே நகரத்துக் குடிநீர் நின்றது. நமக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. தூத்துக்குடியில் 2018 மே மாதம் தாமிர உருக்காலைக்கு எதிரான போராட்டத்தில் 13 உயிர்கள் போன பிறகு ஆலை மூடப்பட்டது; நாட்டின் தாமிர உற்பத்தியும் சரிந்தது. ஊரின் நம்பிக்கையை இழந்த ஆலை எந்தப் பட்டியலில் இருந்தும் தாமிரம் தராது. ஆகவே கந்தகம் விற்கிற அபுதாபி, வாங்குகிற சுரங்கங்களின் கழிவு அணைகளைச் சுதந்திரமான ஆய்வாளர்கள் சோதிக்க வேண்டும் என்று விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். வாங்குபவர் வேறிடம் போய்விடுவார் என்ற பயம், சரக்குத் தட்டுப்பாடாக இருக்கும் காலத்துக்குப் பொருந்தாது.

இந்தியாவின் பங்கும் இதில் உண்டு. நாம் இறக்குமதி செய்யும் கந்தகத்தில் பெரும்பகுதி வளைகுடாவிலிருந்து வருகிறது; நம் உரத் தொழிலும் அதை நம்பியே நடக்கிறது. மங்களூரு நிலத்தடிக் கிடங்கில் அபுதாபியின் அட்நாக் நிறுவனம் 2018 முதல் கச்சா எண்ணெயைச் சேமித்து வைக்கிறது. அதே வகையான உடன்பாட்டைக் கந்தகத்துக்கும் செய்து, ஃபுஜைராக் கிடங்கின் செலவில் ஒரு பங்கை ஏற்க மத்திய அரசு முன்வர வேண்டும்.