நீர்க்கட்டி என்றொரு படிமம்

நம் கவிஞர்களுக்குக் கருப்பை மேல் தீராத காதல். பெண்ணின் வயிற்றுக்குள் இருக்கும் சதைப்பையைச் சொல்லவில்லை, படிமத்தைச் சொல்கிறேன். நகரம் மலட்டுக் கருப்பை, காலம் மலட்டுக் கருப்பை, மொழியே மலட்டுக் கருப்பை. சிறுபத்திரிகைகளைப் புரட்டிக்கொண்டு போனால் யாராவது ஒருத்தி மலடியாக நின்று கவிஞரின் ஆன்மீக வறட்சிக்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருப்பாள். மூன்று வருஷம் முன்பு இதே பத்திரிகையில் இப்படியொரு கவிதையை, நவீன மனிதனின் வெறுமையை உடலாக்கிய வரிகள் என்று நானே மெச்சி எழுதியிருக்கிறேன். ஆகவே கீழே திட்டு வாங்குகிறவர்களில் என்னையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்த வறட்சி எங்கிருந்து இறக்குமதியானது என்பது ரகசியமல்ல. எலியட்டின் 1922-ம் வருஷத்துப் பாழ்நிலத்திலிருந்து. அவரோ ஜெஸ்ஸி வெஸ்டன் 1920-ல் எழுதிய புத்தகத்துக்குக் கடன்பட்டதாகக் குறிப்பில் சொல்கிறார். அந்தப் புத்தகம் பேசும் புராணக்கதையில் காயம்பட்டவன் மீனவ அரசன். அவன் ஆண்மை பட்டுப்போனதால் நிலம் பட்டுப்போகிறது. மலடு அரசனுடையது. கடல் தாண்டித் தமிழுக்கு வரும்போது அது எப்படியோ பெண் தலையில் இறங்கிவிட்டது. மலடன் என்ற சொல்லும் நம்மிடம் இருக்கத்தான் இருக்கிறது. நவீன கவிதையில் நான் கண்டதில்லை. குழந்தையின்மையில் ஏறத்தாழப் பாதிக்கு ஆணின் பங்கும் உண்டு என்று மருத்துவம் சொல்வது நம் படிமங்களை எட்டவில்லை.

இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: நீர்க்கட்டி. அழுகல், தேக்கம், உள்ளே ஊறும் விஷம் என்று வேண்டியபடி பொருள் கொள்ள வசதியான சொல். சமீபத்தில் இரண்டு கவிதைகளில் பார்த்தேன். பார்த்திருக்காவிட்டால் இதை எழுதியிருக்க மாட்டேன் என்று சொல்ல முடியாது, காரணம் வேறு.

கூடலூரில் நகைக்கடன் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவன் நான். விடியுமுன் ஜீப்பில் குமுளிப் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு மலையேறிப் போகிற பெண் ஒருவர், ஒரு செயினையும் ஒரு ஜோடித் தோட்டையும் மேஜை மேல் வைத்தார். தோடு மகளுடையது. "புள்ளைக்கு வயித்துல கட்டியாம் சார். ஒண்ணுல்ல, பன்னெண்டு." பிறகு குரலை இறக்கி, "அறுத்து எடுக்கணுமோ என்னமோ. வெளிய சொல்லிராதீங்க, ஒரு எடத்துல பேசிக்கிட்டிருக்கோம்." மகளுக்கு வயது பதினேழு. பூப்பெய்தி நாலு வருஷம். கடன் நோக்கம் என்ற இடத்தில் விவசாயம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன். அதற்குத்தான் வட்டி குறைவு. கட்டி என்ற சொல் அந்த அம்மாளுக்கு என்ன அர்த்தம் தந்ததென்று முகத்தில் தெரிந்தது. அதற்கு ஒரே அர்த்தந்தான் உண்டு. அந்த நோயின் பேரை எங்கள் ஊரில் வாயால் சொல்ல மாட்டார்கள்.

அங்கே கட்டியே இல்லை என்பதுதான் விஷயம். மாதந்தோறும் சினைப்பையில் சில நுண்பைகள் வளரத் தொடங்கும். அவற்றுள் ஒன்று முந்திக்கொண்டு முதிர்ந்து, வெடித்து, முட்டையை வெளியே விடும். இந்த நிலையில் எதுவும் முந்துவதில்லை. எல்லாம் பாதி வளர்ச்சியில், சில மில்லிமீட்டர் அளவில், நின்றுவிடுகின்றன. ஸ்கேனில் பார்க்கிறவர்கள் இதை முத்துமாலை என்று வர்ணிப்பதுண்டு. (படிமம் அவர்களுக்குக் கைவந்திருக்கிறது, பாருங்கள்.) அறுத்தெடுக்க அங்கே ஒன்றுமில்லை. கோளாறு பெரும்பாலும் வேறிடத்தில்: ஆண் ஹார்மோன் மிகுந்திருப்பது, இன்சுலின் மிகுந்திருப்பது. சிகாகோவில் ஸ்டைனும் லெவந்தாலும் 1935-ல் ஏழு பெண்களை வைத்து இதை விவரித்தபோது சினைப்பையைத்தான் பார்த்தார்கள், அதில் ஒரு பகுதியை வெட்டவும் செய்தார்கள். பேர் அப்படியே ஒட்டிக்கொண்டது. 2003-ல் ராட்டர்டாமில் கூடியவர்கள் மூன்று அடையாளம் சொல்லி, இரண்டு இருந்தால் போதும் என்றார்கள். ஆகவே 'கட்டி' இல்லாமலே இந்த நோய் இருக்கலாம். 'கட்டி' இருந்தும் நோயில்லாமல் இருக்கலாம். அப்போது பன்னிரண்டு நுண்பை என்பது கணக்கு. 2018-ல் அதை இருபதாக்கினார்கள். பூப்பெய்தி எட்டு வருஷம் ஆகாத பெண்ணுக்கு இதற்காக ஸ்கேனைப் பார்க்கவே வேண்டாம் என்பதும் அப்போது சொன்னதுதான். பேர் தப்பு, மாற்றுங்கள் என்று 2012-ல் அமெரிக்காவில் ஒரு நிபுணர் குழுவே சொல்லிவிட்டது. ஆங்கிலத்தின் தப்பை நாம் மொழிபெயர்த்து, நீரையும் சேர்த்துக் கட்டியாக்கிக் கொண்டோம்.

அதனால் பயமே வேண்டாம் என்பதல்ல. பயம் வேறிடத்தில் இருக்க வேண்டும். மாதக்கணக்கில் தூரம் வராமலே போனால் கருப்பையின் உட்சுவர் தடித்துக்கொண்டே போய்ப் பின்னால் புற்றுநோய்க்கு வழி திறக்கலாம். நீரிழிவு சின்ன வயதிலேயே வரலாம். பிள்ளை பிறக்காது என்பது மட்டும் பொய். பலருக்குத் தானாகவே பிறக்கிறது, சிலருக்குத் தாமதமாகிறது, சிலருக்கு மாத்திரை வேண்டியிருக்கிறது. கவனிக்க வேண்டியதை விட்டுவிட்டு, கல்யாணத்துக்கு முன் மறைக்க வேண்டியது எது என்றுதான் வீடு யோசிக்கிறது. அதற்கு அந்தச் சொல்லும் ஒத்தாசை.

உதிரத்தைப் போற்றுகிற இன்னொரு கோஷ்டி இருக்கிறது. இவர்களுக்கு நிலவு வேண்டும். நிலவின் சுழற்சி, கடலின் ஏற்றம், பெண்ணுடலின் தாளம். நிலவுக்கு இருபத்தொன்பதரை நாள். ஆரோக்கியமான பெண்ணுக்கு 21 நாளும் வரலாம், 35 நாளும் வரலாம். மூன்று மாதம் வராமல், வந்தால் இருபது நாள் நிற்காமல் ஏலச்செடிகளுக்கு நடுவே கக்கூஸ் இல்லாத இடத்தில் குனிந்து நிற்பவளுக்கு எந்த நிலவு? நாள் கணக்கு நமக்குப் பழசு. பூப்புக்குப் பின் பன்னிரண்டு நாள் தலைவன் பிரிந்திருக்கலாகாது என்று தொல்காப்பியக் கற்பியலே விதிக்கிறது. கணக்குக்கு வராத உடம்பைப் பற்றி அங்கேயும் பேச்சில்லை.

'மாதொருபாகன்' 2010-ல் வந்தது. 2014 டிசம்பரில் அதற்கு எதிராகக் கிளம்பிய ரகளையின்போது நாமெல்லாம் எழுத்தாளனின் சுதந்திரத்துக்காகக் கையெழுத்துப் போட்டோம், போட வேண்டியதுதான். பொன்னா மலடி என்று ஏச்சு வாங்குகிறாளே, அந்த ஏச்சை நம் கவிதைகளும் வைத்துக்கொண்டிருக்கின்றனவே என்று அந்தக் கூட்டங்களில் ஒருவரும் கேட்டதாக நினைவில்லை. நானும் கேட்கவில்லை.

கவிதை மருத்துவக் கையேடு அல்ல என்று நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். அல்லதான். ஆனால் திராட்சைக் கொடியில் முள் குத்தியதாக ஒருவர் எழுதினால் கம்பம் பள்ளத்தாக்கில் பத்து வயதுப் பையன்கூடச் சிரிப்பான். கொடிக்குக் கொடுக்கும் மரியாதையைச் சினைப்பைக்கும் கொடுத்தால் போதும். அதற்கு மேல் கேட்கவில்லை. பெண்கள் எழுதும் கவிதைகளில் இந்தப் பிழை குறைவாக இருப்பதற்கு அவர்களுடைய மேதைமை காரணமென்று நான் நினைக்கவில்லை. அவர்கள் பார்த்து எழுதுகிறார்கள்.

அந்த அம்மாள் மறுபடி வந்தபோது வட்டி கட்டினார், நகையை மீட்கவில்லை. கட்டி இல்லை என்று நான் படித்ததைச் சொன்னேன். "அப்ப ஏன் சார் கட்டின்னு பேரு வச்சிருக்காங்க?" என்றார்.

என் மதிப்புரைகள் தொகுப்பாக வருமானால் அந்த ஒரு பத்தியை எடுத்துவிடும்படி ஆசிரியரைக் கேட்டிருக்கிறேன். கவிதையை எடுக்கச் சொல்ல எனக்கு உரிமையில்லை.