பாகூர்ப் பிள்ளைகளுக்கு நிச்சயமான இடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவக் கல்வியில் 10 விழுக்காடு உள் ஒதுக்கீடு வழங்கப் புதுச்சேரி அரசு 2023-இல் செய்த ஏற்பாட்டை மனமாரப் பாராட்டுகிறேன். ஆயினும், நீட் தேர்வெழுதியோருக்கே பயன்படும் அச்சலுகை, கலையும் விஞ்ஞானமும் பயில விரும்பும் கிராமத்துப் பிள்ளைகளை எட்டவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அவர்களுக்கும் வழிகாணும் முன்மாதிரி ஒன்று உண்டு: அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் 1997-இல் இயற்றிய சட்டமொன்று, ஒவ்வோர் உயர்நிலைப் பள்ளியிலும் முதல் 10 விழுக்காட்டினராகத் தேறுவோருக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் இடம் நிச்சயம் என்றது. நகரத்துப் பள்ளியோடு நாட்டுப்புறப் பள்ளியை ஒப்பிடாமல், அந்தந்தப் பள்ளிக்குள்ளேயே யோக்கியதையை அளந்ததுதான் அதன் நுட்பம். (இடம் போதாமல் ஆஸ்டின் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் அவ்விகிதம் பிற்காலத்தில் குறைக்கப்பட்டதையும் மறைக்க வேண்டியதில்லை.)

அவ்வாறே வில்லியனூர், பாகூர் முதலிய கொம்யூன்களின் ஒவ்வோர் அரசு மேனிலைப் பள்ளியிலும் முதல் சில ஸ்தானங்களைப் பெறுவோருக்கு, மாணவர் சேர்க்கைக் குழுவான சென்டாக்கின் தரவரிசைக்குக் காத்திராமல், அரசுக் கல்லூரிகளில் விரும்பிய பாடத்திலேயே இடம் உறுதி என்று அரசாங்கம் பிரகடனம் செய்யலாகாதா? பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில் மூன்று கிராமங்களைத் தன் வித்தியாஸ்தானத்துக்குத் தானமாகப் பெற்றதென்று செப்பேடு சாற்றும் பாகூர், இன்று தன் பிள்ளைகளுக்கு ஒரு கல்லூரி ஆசனத்தை வேண்டி நிற்பது விசித்திரந்தான்.

காலாப்பட்டு மத்தியப் பல்கலைக்கழகமும், சில பாடப்பிரிவுகளில் மட்டும் நம் பிரதேசத்தாருக்கு அளித்துவரும் 25 விழுக்காட்டை எல்லாப் பிரிவுகளுக்கும் விஸ்தரித்து, அதில் ஒரு பங்கை இம்முறையில் நிரப்பலாம். இடத்தோடு விடுதி வசதியும் சேர்த்தே தரப்படவேண்டும். தெற்குக் கோடியிலிருந்து வடக்குக் கோடிக்கு அன்றாடம் இரண்டு பஸ் மாறிச் சென்றுவரப் பெண் பிள்ளைகளைப் பெற்றோர் அனுப்பத் தயங்குகிறார்கள்.

இங்ஙனம்,
வில்லியனூர் வாசகர் ஒருவர்