சட்டத்து எண்ணும் எஞ்சின் எண்ணும்

மோட்டார் சைக்கிள் என்றால் வேகம். வேகம் என்றால் இரைச்சல், புழுதி, கடைசியில் ஆஸ்பத்திரி. நம்மில் பெரும்பாலோர் இப்படித்தான் எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஆனால் பிரிட்டனில் நூறு வருஷத்துக்கு மேலாக நடந்துவரும் ஒரு மோட்டார் சைக்கிள் விளையாட்டுக்கு இந்த எண்ணம் சற்றும் பொருந்தாது. அதன் பெயர் டிரயல்ஸ். சோதனை ஓட்டம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். அதில் முந்திப் போனவனுக்கு மாலை இல்லை. காலைத் தரையில் ஊன்றாமல் போனவனுக்கே மாலை.

பாறையும் சேறும் ஓடைத் தண்ணீரும் நிறைந்த சரிவில் சில கஜ தூரத்துக்கு எல்லை கட்டி விடுகிறார்கள். அதற்கு 'செக்ஷன்' என்று பெயர். பக்கத்திலே ஒரு கண்காணிப்பாளர் கையில் பென்சிலுடன் நிற்கிறார். வண்டியில் நின்றபடியே மனிதன் ஏறி வருகிறான். ஒரு முறை கால் ஊன்றினால் குற்றம் 1. இரண்டு முறை ஊன்றினால் 2. அதற்கு மேல் எத்தனை முறை ஊன்றினாலும் 3. விழுந்தாலோ, எல்லைக்கு வெளியே போனாலோ 5. குற்றம் குறைந்தவன் ஜயித்தவன். வாழ்க்கையில் பலரும் இந்தக் கணக்கின்படியே பரீட்சிக்கப்படுகிறார்கள் என்று ஒரு வேதாந்தி சொல்லக்கூடும். நாம் வண்டியைக் கவனிப்போம்.

ஸ்காட்லாந்தில் மே மாதந்தோறும் நடக்கும் ஆறு நாள் ஓட்டம் இவற்றில் பிரசித்தமானது. 1909-ல் ஐந்து நாள் ஓட்டமாகத் தொடங்கி, 1911-ல் ஆறு நாளாயிற்று. யார்க்ஷயரில் நடக்கும் ஸ்காட் டிரயல் 1914-ல் பிறந்தது. ஆல்பிரெட் ஸ்காட் என்பவர் தமது மோட்டார் சைக்கிள் தொழிற்சாலைச் சிப்பந்திகளுக்காக ஏற்படுத்தியது அது. அதில் மட்டும் கால் ஊன்றுவதோடு நேரத்தையும் கணக்கில் சேர்க்கிறார்கள். ஆகவே நிதானமாகப் போகவேண்டிய இடத்தில் அவசரமும், அவசரமாகப் போகவேண்டிய இடத்தில் நிதானமும் வந்து மனிதனைத் தவிக்க வைக்கின்றன.

இதற்கென்று அமைந்த வண்டியை ஒரு தடவை பார்த்தவர் பிறகு மறக்கமாட்டார். உட்காரும் ஆசனம் பெயரளவில்தான். பிற்கால வண்டிகளில் அதுவும் இல்லை. வயிறு பாறையில் இடிக்காதபடி எஞ்சின் உயரத்தில் தொங்கும். கால்மிதிகள் பின்னுக்குத் தள்ளியிருக்கும். முன் சக்கரம் பெரிது, ஒல்லி. பின் சக்கரம் சிறிது, தடி. பின் டயரில் காற்று சதுர அங்குலத்துக்கு ஐந்து ராத்தல்கூட இருக்காது. கையால் அமுக்கினால் வடை மாவு மாதிரி அமுங்கும். அப்போதுதான் ரப்பர் பாறையைக் கட்டிப் பிடிக்கும். எஞ்சினுக்குள்ளே கனமான பிளைவீல் சக்கரம் ஒன்று மெதுவாகச் சுழன்று, மனிதன் நடக்கும் வேகத்திலும் எஞ்சின் நின்றுவிடாமல் காக்கும்.

நிற்க. இந்த விளையாட்டின் அபிமானிகள் ஓட்டுகிறவர்களை ஞாபகம் வைப்பதோடு வண்டிகளையும் ஞாபகம் வைக்கிறார்கள். செக்ஷனுக்கும் செக்ஷனுக்கும் இடையே பொதுச் சாலையில் போகவேண்டியிருப்பதால் வண்டிகளுக்குச் சர்க்கார் பதிவு எண் உண்டு. பழைய புகைப்படத்தில் ஓட்டுபவரின் முகம் சேற்றில் மறைந்திருக்கும், எண் தெரியும். நம் ஊரில் கோயில் யானையின் பெயரைச் சொன்னால் குழந்தைகளும் கோயிலைச் சொல்லிவிடுவதைப் போல, 'ஜி.ஓ.வி. 132' என்றால் போதும், அங்கே கிழவர்களின் கண் பிரகாசிக்கும்.

அது ஏரியல் கம்பெனியின் எச்.டி. 5 வண்டி, 497 சி.சி., ஒற்றைச் சிலிண்டர், போர் ஸ்ட்ரோக். அதை ஓட்டியவர் 1933-ல் பெல்பாஸ்டில் பிறந்த ஸாமி மில்லர். 1959 முதல் 1969 வரை பதினோரு வருஷம் விடாமல் பிரிட்டிஷ் சாம்பியன் பட்டத்தைப் பெற்ற மனிதர். அந்தப் பருமனான வண்டியை அவர் வருஷாவருஷம் அறுத்தும் ராவியும் இளைக்க வைத்து, 250 ராத்தலுக்குக் கீழே கொண்டுவந்தார். 1962-லும் 1964-லும் ஸ்காட்லாந்து ஆறு நாளை அதில்தான் ஜயித்தார்.

பிறகு நடந்ததுதான் விசேஷம். 1964-ன் பிற்பகுதியில் பார்ஸிலோனாவிலிருந்து பிரான்ஸிஸ்கோ புல்டோ என்ற கனவான் அவரை அழைத்தார். புல்டோ, மோன்டெஸா கம்பெனியின் ஸ்தாபகர்களில் ஒருவர். பந்தயங்களை விட்டுவிடுவதென்று கூட்டாளிகள் தீர்மானித்தபோது வெளியேறி, 1958-ல் 'புல்டாக்கோ'வைத் தொடங்கியவர். மில்லர் ஸ்பெயினுக்குப் போனார். சுமார் 12 நாட்களில் ஒரு புது வண்டி உருவாயிற்று. 244 சி.சி., டூ ஸ்ட்ரோக், 200 ராத்தலை ஒட்டிய எடை. அதற்கு 'ஷெர்ப்பா டி' என்று பெயர் வைத்தார்கள். இமய மலையில் சுமை தூக்கும் நம் அண்டை வீட்டுக்காரரின் பெயர் ஸ்பெயின் தேசத்து வண்டிக்குப் போயிற்று! 1965-ல் மில்லர் அதில் ஏறி ஆறு நாளை ஜயித்தபோது, இங்கிலாந்தின் கனத்த போர் ஸ்ட்ரோக் வண்டிகளின் காலம் முடிந்தது. அந்த ஊர்த் தொழிற்சாலைகள் இதை எதிர்பார்க்கவில்லை என்பது மட்டுமல்ல, எதிர்பார்க்க விரும்பவுமில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. 1975-ல் உலகச் சாம்பியன் பட்டம் ஏற்பட்டபோது முதல் ஐந்து வருஷமும் அது புல்டாக்கோ ஓட்டிகளுக்கே கிடைத்தது. ஆனால் அந்தக் கம்பெனியும் வேலைநிறுத்தத்திலும் கடனிலும் சிக்கி 1983-ல் படுத்துவிட்டது. அதற்குப் பிறகுதான் அந்த வண்டிகளுக்கு இன்றைய மதிப்பு வந்தது.

மதிப்பு வந்தால் கூடவே சந்தேகமும் வரும். இது அசலா? எந்த வருஷத்தது? இதை அறிய அபிமானிகள் முதலில் குனிந்து பார்ப்பது இரண்டு இடங்களை. சட்டத்தின் கழுத்துக் குழாயில் ஓர் எண். எஞ்சின் கூட்டில் ஓர் எண். புல்டாக்கோவில் சட்டத்து எண்ணுக்கு முன்னால் 'பி' என்றும், எஞ்சின் எண்ணுக்கு முன்னால் 'எம்' என்றும் எழுத்து இருக்கும். முதல் இலக்கங்கள் மாடலைச் சொல்லும். 10 என்றால் மில்லர் கொண்டுவந்த முதல் ஷெர்ப்பா. பிறகு 27, 49, 80 என்று வளர்ந்து 199 வரை போகிறது. மாடலுக்குப் பின் வருவது வரிசை எண். தொழிற்சாலையிலிருந்து புறப்பட்டபோது சட்டத்துக்கும் எஞ்சினுக்கும் எண் ஒன்றாகவே இருந்தது. இன்று ஒன்றாயிருந்தால் விலை ஏறும். வேறாயிருந்தால் வாங்குகிறவர் உதட்டைப் பிதுக்குவார். ஆகவே எண்ணை ராவித் தேய்த்துவிட்டுப் புதிதாகக் குத்திவிடுகிற புண்ணியவான்களும் தோன்றிவிட்டார்கள். இலக்கங்களின் ஆழம் ஒன்றுபோல் இல்லாவிட்டாலும், சுற்றியுள்ள உலோகம் மட்டும் அளவுக்கு மீறி வழவழப்பாயிருந்தாலும், கூர்ந்து பார்க்கிறவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இவ்வளவும் படித்துத் தெரிந்துகொண்ட கர்வத்துடன், சில வருஷங்களுக்கு முன் நான் கின்லாக்லெவன் என்ற ஊருக்குப் போயிருந்தேன். ஸ்காட்லாந்து மலைகளுக்கிடையே கடல் கழி நுழைந்து முடியும் இடத்தில் உள்ள சிறு ஊர் அது. அங்கிருந்த அலுமினியத் தொழிற்சாலையை 2000-ல் மூடிவிட்டார்கள். ஆனால் அதற்கு மின்சாரம் தருவதற்காக மலை மேலிருந்து தண்ணீர் கொண்டுவரும் பிரம்மாண்டமான குழாய்கள் இன்னும் இருக்கின்றன. அவற்றை ஒட்டி ஏறும் செங்குத்தான பாதைக்கு 'பைப்லைன்' என்றே பெயர். அதைக் கால் ஊன்றாமல் ஏறியவன் ஆயுள் முழுதும் அதைப் பற்றிப் பேசலாம், பேசவும் செய்கிறார்கள்.

1984 முதல் அந்த ஊரில் 'அறுபத்தைந்துக்கு முந்தியவை' என்ற பெயரில், பழைய வண்டிகளுக்கென்று இரண்டு நாள் ஓட்டம் நடக்கிறது. ஸ்பெயின் வண்டி வந்து எல்லாவற்றையும் மாற்றிய வருஷம் எல்லைக்கோடு. யோசனை நல்லதுதான். ஆனால் மனித சுபாவம் இருக்கிறதே! ஜயிக்க வேண்டுமென்ற ஆசையில் பழைய வண்டிக்குப் புதுச் சட்டம், லேசான புது உலோகம், பழைய கூட்டுக்குள் புது உள்பாகங்கள் என்று மாற்றிக்கொண்டே போனார்கள். எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்று நடத்துகிறவர்கள் விதிகள் போட்டு அலுத்துப் போகிறார்கள். அன்று பைப்லைனில் ஏறிய வண்டிகளில் சில, 1964-ல் யாரும் கண்ணாலும் கண்டிராதவை என்று என் பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் சொல்லிச் சிரித்தார்.

அவர் யார்க்ஷயர்க்காரர், ஒரு நெசவாலையில் பிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தம்முடைய வேனில் ஒரு ஷெர்ப்பா வைத்திருப்பதாகவும், அது 1969-ல் செய்ததாகையால் இந்த ஓட்டத்தில் சேர்க்கமாட்டார்கள் என்றும் சொன்னார். "எல்லைக்கோட்டை நாலு வருஷத்தில் தவறவிட்டுவிட்டது. ஆனாலும் வெளியூர் வந்தால் அதை வீட்டில் விட்டு வர மனசு வருவதில்லை" என்றார்.

மத்தியானம் வேனின் கதவைத் திறந்து காட்டினார். மாடல் 49. பைபர்கிளாஸ் டாங்கியின் ஓரம் சற்று உப்பியிருந்தது. இப்போதைய பெட்ரோலில் கலக்கும் எத்தனால் அந்தப் பிசினை இளக்கிவிடுகிறது என்பது பழைய புல்டாக்கோ வைத்திருக்கும் எல்லாருக்கும் உள்ள வியாகூலம். நான் குனிந்து கழுத்துக் குழாயைப் பார்த்தேன்; எஞ்சின் கூட்டைப் பார்த்தேன். இரண்டிலும் 49 இருந்தது. அதற்கப்புறம் இருந்த இலக்கங்கள் வேறு வேறு.

"பொருந்தவில்லையே?" என்றேன். கேட்டிருக்க வேண்டாம்.

"பொருந்தாதுதான்" என்றார் பெரியவர். "நாங்கள் இரண்டு பேர் ஒரே வருஷத்தில் ஒரே மாதிரி வண்டி வாங்கினோம். ஞாயிறு தவறாமல் சேர்ந்து போவோம். 1974-ல் அவனுக்கு நுரையீரல் வியாதி கண்டது. கடைசி மாதங்களில் என் எஞ்சினுக்குள் கிராங்கு உடைந்துபோயிற்று. என்னிடம் பணம் இல்லை. தன் எஞ்சினைக் கழற்றி எடுத்துக்கொள்ளச் சொன்னான். அவன் வீட்டு ஷெட்டில்தான் மாட்டினேன். அவன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எந்த ஸ்பானரை எடுக்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தான், எனக்கு ஒன்றும் தெரியாத மாதிரி."

போன வருஷம் ஒரு வியாபாரி வந்து பார்த்தாராம். வண்டி நன்றாயிருக்கிறது என்று சொல்லி ஒரு விலை பேசினாராம். எஞ்சின் கூட்டில் உள்ள எண்ணை மட்டும் தேய்த்து, சட்டத்தின் எண்ணைக் குத்தித் தந்தால் பாதி விலை மேலே தருவதாகவும், குத்துகிற வேலையைத் தாமே பார்த்துக்கொள்வதாகவும் சொன்னாராம். பெரியவருக்கு அந்தப் பணம் வேண்டியிருந்தது. கூரை ஒழுகுகிறது என்று தாமாகவே சொன்னார்.

"என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டேன்.

"பதிவுச் சீட்டில் அவன் எஞ்சினின் எண்ணை அப்போதே எழுதிக் கொடுத்து மாற்றிவிட்டேன், சர்க்காருக்குத் தெரியும். வாங்குகிறவனுக்கும் தெரியட்டும் என்றேன். அந்த வியாபாரி அயோக்கியர் என்று நான் சொல்லமாட்டேன். எல்லோரும் செய்கிறார்கள் என்றார். செய்கிறார்கள்தான்."

அவருடைய வண்டி அசலா என்று ஏலக் கம்பெனிக்காரரைக் கேட்டால் இல்லை என்பார். எண்கள் பொருந்தவில்லை என்பது உண்மை. வாங்குகிறவருக்கு அதைச் சொல்லாமல் மறைப்பது மோசடி. பொருந்தாத வண்டிக்குக் குறைந்த விலை கொடுப்பதும் நியாயமே. இதிலெல்லாம் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அதோ, மேட்டில், புதுச் சட்டமும் புது உள்பாகமும் கொண்ட வண்டிகள் 'அறுபத்தைந்துக்கு முந்தியவை' என்ற விருதுடன் ஏறிக்கொண்டிருந்தன. இங்கே வேனுக்குள், இன்ன திருகை இன்ன நாளில் இன்னார் கழற்றினார் என்று சொல்லக்கூடிய ஒரு வண்டி எல்லைக்கு வெளியே நின்றது. தொழிற்சாலைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு வண்டிகளைத் தரம் பிரிக்கக் கற்றிருந்த எனக்கு, அந்தப் புத்தகத்தில் இந்த இரண்டாவது எண்ணுக்கு இடம் எங்கே என்று அன்று விளங்கவில்லை.

"ஒரு சத்தம் கேட்கிறீர்களா?" என்றார் பெரியவர். பலகையைச் சாய்த்து வண்டியை இறக்கினோம். புல்டாக்கோவின் உதை பொறி இடது பக்கம் இருக்கிறது, பழகாதவர்களுக்குச் சங்கடம். எழுபத்தைந்து வயதுக்காரர் ஒரு காலில் நின்றுகொண்டு மறு காலால் உதைத்தார். ஒன்றுமில்லை. மறுபடி உதைத்தார். ஒன்றுமில்லை. மூன்றாவது தடவை உதைத்துவிட்டு, வண்டியைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"பெட்ரோல் குழாயைத் திறக்கவில்லை" என்றார். "அவன் இருந்தால் நாற்காலியிலிருந்தே சொல்லியிருப்பான்."

திறந்தார். அடுத்த உதையில் நீலப் புகை கிளம்பியது.