தொண்டையோடு நின்றுவிடும் மருந்து

உறிஞ்சு மருந்துகள் அனைவருக்கும் எட்ட வேண்டும் என்பதே 2025-ஆம் ஆண்டு உலக ஆஸ்துமா நாளின் முழக்கம். எட்டுவது என்றால் கடையில் கிடைப்பது மட்டும்தானா என்ற கேள்வி, என் ஆறு வயதுப் பேரனுக்கு இன்ஹேலர் எழுதித் தரப்பட்ட பிறகே எனக்குள் எழுந்தது.

மருந்துச் சீட்டில் இன்ஹேலர் இருந்தது, ஸ்பேசர் இல்லை. மூச்சை உள்ளிழுக்கும் அதே நொடியில் குப்பியை அழுத்துவது பெரியவர்களுக்கே எளிதில் கைவராத வித்தை. குழந்தைக்கு மருந்தின் பெரும்பகுதி நாக்கிலும் தொண்டையிலும் படிந்துவிடும். இரண்டு மாதங்கள் நாங்கள் அவன் தொண்டைக்குத்தான் வைத்தியம் பார்த்திருக்கிறோம். 'இது பலிக்கவில்லை, பழகியும் விடும், நிறுத்திவிடலாம்' என்று வீட்டில் முதலில் சொன்னவன் நான்தான். வீண்செலவைப் பற்றி வகுப்பெடுத்தே ஓய்வுபெற்றவன்!

ஸ்பேசர் என்பது மருந்துப் புகை சற்றுத் தங்கி நிற்கும் ஒரு வெற்றுக் குடுவை, அவ்வளவுதான். ஒருமுறை அழுத்திவிட்டு, குழந்தை ஐந்தாறு முறை இயல்பாக மூச்சு விட்டால் போதும். அதை வாங்க வசதியற்றோரை மனத்தில் கொண்டு, தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் குழந்தை மருத்துவர் ஹெதர் ஸாரும் சக ஆய்வாளர்களும் 500 மி.லி. பிளாஸ்டிக் பாட்டிலில் துளையிட்டு, இன்ஹேலரைப் பொருத்தி, இடுக்கை அடைத்துச் சோதித்தனர். ஆஸ்துமா முற்றிய நிலையில் வந்த குழந்தைகளுக்கு அது விலைகொடுத்து வாங்கும் ஸ்பேசருக்கு இணையாகவே பயன்பட்டதை 1999-இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டனர்.

இங்கோ சால்பியூட்டமால், புடசொனைடு இன்ஹேலர்கள் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பதால் அவற்றின் விலைக்கு உச்சவரம்பு உண்டு. ஸ்பேசருக்கு அப்பட்டியலில் இடமில்லை. மூச்சுத் திணறி மருத்துவமனையில் சேர்ந்தால், தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆயுஷ்மான் பாரத் காப்பீடு கைகொடுக்கும். சேரவிடாமல் காக்கும் கருவியை வெளிநோயாளியாக வாங்கினால் கொடுக்காது. அரசின் செலவுக் கணக்கிலேயே இது நட்டம். இன்ஹேலரோடு ஸ்பேசரையும் அரசு மருந்தகங்கள் சேர்த்தே வழங்குவதுதான் முறை.

பராமரிப்பும் யாரும் சொல்லித் தராததாகவே இருக்கிறது. ஸ்பேசரைச் சோப்பு நீரில் கழுவி, துடைக்காமல் உலரவிட வேண்டும். துடைத்தால் உண்டாகும் நிலைமின்சாரம் மருந்தைச் சுவரிலேயே இழுத்துக்கொள்ளும். ஸ்டீராய்டு மருந்தெனில் ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளிக்க வேண்டும். 200 அளவு கொண்ட குப்பி, காலை இரண்டு மாலை இரண்டு எனில் 50 நாள்களுக்கே வரும். அதன் பிறகும் அழுத்தினால் சீறும். வருவது வெறும் வாயு. எண்ணிக்கை காட்டாத குப்பிகளில் தொடங்கிய தேதியை எழுதிவைப்பதே வழி.

அதன்பின் மூன்று முறை மருத்துவரிடம் போய்வந்துவிட்டோம். 'எப்படி எடுத்துக்கொள்கிறாய், செய்து காட்டு' என்று என் பேரனிடம் இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.