முன்பாரமும் பின்பாரமும்

கட்டை வண்டியில் நெல்மூட்டை ஏற்றும் கைதேர்ந்த வண்டிக்காரரை நாம் கவனித்திருக்கிறோம். மாடுகளைப் பூட்டுமுன் நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்ப்பார். கனம் மிகுந்தால் அது முன்பாரம். மாட்டின் கழுத்து புண்ணாகும். தானே மேலெழும்பினால் பின்பாரம். பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். இதற்காக ஒரு மூட்டையைக்கூட அவர் இறக்கமாட்டார். இரண்டை இடம் மாற்றி அடுக்குவார், அவ்வளவுதான்.

டிராக்டர் வந்தபோது அந்தக் கைப்பக்குவம் உடன் வரவில்லை. இரு சக்கர டிரெய்லரில் அச்சுக்குப் பின்னால் பாரம் மிகுந்தால், இணைப்புக் கொக்கி மேல்நோக்கி இழுபடும். டிராக்டரின் பின்சக்கரங்கள் பிடிப்பை இழக்கும். வேகம் கூடுகையில் டிரெய்லரின் வால் இருபுறமும் அலையும். முன்னால் அளவுக்கு மீறிச் சுமத்தினாலோ, டிராக்டரின் முன்சக்கரங்கள் தரையில் பட்டும் படாமலும் ஓடும், திருப்பினால் திரும்பாது. மேடேறுகையில் முன்பக்கம் தூக்கி ஓட்டுநர்மீதே கவிழ்வதும் உண்டு. ஆகவே சுமையின் பெரும்பகுதி அச்சின் மேலும், சிறிதளவு மட்டும் அதற்கு முன்னும் அமைதல் வேண்டும்.

மோட்டார் காரின் பின்னே வீட்டு வண்டியைப் பூட்டி ஊர் சுற்றும் வழக்கமுள்ள அமெரிக்க நாட்டில் இதற்கென ஒரு கருவியே உண்டு. டிரெய்லரின் எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு கொக்கியின்மேல் அமர வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. 2,000 கிலோ வண்டியானால் 200 முதல் 300 கிலோ. அந்தக் கனத்தால் காரின் பின்புறம் தாழ்ந்து முன்புறம் எழும்பும். எனவே கொக்கியிலிருந்து வரும் இரண்டு வில்லெஃகுச் சட்டங்களை டிரெய்லரின் உடற்சட்டத்தோடு சங்கிலியால் இழுத்துக் கட்டுவர். இறுக்க இறுக்க, கனத்தில் ஒரு பகுதி காரின் முன்சக்கரங்களுக்கும், ஒரு பகுதி டிரெய்லரின் சக்கரங்களுக்கும் போய்ச் சேரும். முன்சக்கரத்தின் மேல்வளைவு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று பூட்டுமுன் அளந்து வைத்து, பூட்டியபின் அதே உயரத்தை நெருங்கும்வரை சங்கிலிக் கண்ணிகளை மாற்றுவர். மிகையாக இறுக்கினால் பின்சக்கரங்கள் வழுக்கும். பின்பாரமாக ஏற்றிய வண்டியை மட்டும் இக்கருவியாலும் திருத்த இயலாது. மூட்டையைத்தான் நகர்த்த வேண்டும்.

நம் ஆண்டவர் தச்சராயிருந்தபோது கலப்பைகளும் நுகங்களும் செய்தார் என்று 2-ஆம் நூற்றாண்டில் வேதசாட்சியான புனித ஜஸ்டின் எழுதியுள்ளார். நுகத்தைப்பற்றி அவர் பேசியது மாட்டின் கழுத்தை அறிந்தவராகத்தான். நம் இல்லங்களில் தம்பியின் படிப்பு, தங்கையின் திருமணம், தந்தையின் கடன் அனைத்தும் மூத்த மகளின் சம்பளத்தின்மேல் ஏறுகின்றன. "எங்கள் பிள்ளை பொறுமைசாலி, சாமி" என்று பெற்றோர் பெருமை பேசுகின்றனர். கடன் தீர நவநாள் செய்கிறோம், நன்று. ஆனால் வேலைக்குச் சென்றுவிட்ட தம்பியின் பக்கம் ஒரு மூட்டையை நகர்த்த யாருக்கும் தோன்றுவதில்லை. அவள் திருமணப் பேச்சும் ஆண்டுதோறும் தள்ளிப்போகிறது.

திருவிழாக் காலங்களில் கிளைக் கிராமத்தார் டிரெய்லரில் நெருக்கியடித்து வருவதையும் இங்கே சொல்லியாக வேண்டும். மூட்டை வைத்த இடத்தில் இருக்கும், மனிதர் இரார். வாணவேடிக்கையைக் காண நாற்பது பேர் ஒருசேரப் பின்பக்கம் நகர்ந்தால் அது பின்பாரமே. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும் இதற்கு இடம் தரவில்லை. மேலும், வயலில் திரும்புவதற்காகத் தனித்தனியே விட்ட இரு பிரேக் மிதிகளை இணைக்காமலே சாலைக்கு வரும் ஓட்டுநர்கள் உண்டு. அவசரத்தில் ஒன்றை மிதித்தால் டிராக்டர் ஒரு பக்கமாகச் சுழலும். ஆகவே கிராமத்தார் பேருந்திலோ வேனிலோ வருக. காணிக்கை நெல் மட்டும் டிராக்டரில் வரட்டும்.