முட்கொடி ஒன்றின் பெயர்

செடிகொடிகளின் ஊர்ப்பெயர்கள் இடத்துக்கு இடம் வேறுபடுவன. விஞ்ஞானப் பெயர்களோ நிலையானவை என்று மாணவர்களுக்குக் கற்பித்து வருகிறோம். இது பெரும்பாலும் உண்மையே. ஆயினும் இதனை முழு உண்மையெனக் கொண்டு, ஊர்ப்பெயரைக் குறிப்பேட்டில் எழுதாது விடுவது பிழையாகும் என்பது என் அபிப்பிராயம். இதற்குக் கழற்சிக் கொடியே தக்க சான்று.

கழற்சி அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. தண்டிலும் இலைக்காம்பிலும் உள்ள வளைந்த முட்களால் அயலிலுள்ள புதர்களைப் பற்றி ஏறுவது. மஞ்சள் நிறப் பூக்களையும், முள் நிறைந்த காயையும், அதனுள் வழவழப்பான சாம்பல் நிறக் கொட்டைகளையும் உடையது. நம் கிராமங்களில் இது வேலியாகவும் பயன்படுகிறது. காய்ச்சலுக்கும் வீக்கத்துக்கும் நாட்டு மருந்தாகவும் பயன்படுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன்னர், மருந்துச் செடிகளைப் பற்றிய குறிப்பு ஒன்றைத் தமிழாக்க நேர்ந்தது. அதில் ‘லதா கரஞ்சம்’ என்று கண்டிருந்தது. கரஞ்சம் என்பது புங்கம் என்று அறிந்திருந்த நான், சற்றும் ஐயுறாமல் ‘கொடிப்புங்கம்’ என்று எழுதிவிட்டேன். அதை நம்பிய ஊழியர் ஒருவர் புங்கன் விதைகளைத் திரட்டி அனுப்பினார். குற்றம் அவருடையதன்று, என்னுடையதே.

பிழை எனக்கு விளங்கியது புனேயை அடுத்த கசார்வாடியில். அங்கு நான் குடியிருந்த வீட்டின் திண்ணையில் சிறுமியர் சாம்பல் நிறக் கொட்டைகளை மேலே எறிந்து பிடித்து விளையாடிக்கொண்டிருந்தனர். பெயரைக் கேட்டேன். ‘சாகர்கோட்டா’ என்றனர். என் தமக்கை ஊரில் ஆடிய கழற்சிக்காய் ஆட்டமே அது! மராட்டிய நூல்களில் தேடியபோது, சாகர்கோட்டாவும் லதா கரஞ்சமும் ஒன்றே என்று தெரிந்தது. அகராதி காட்டாததை ஆட்டம் காட்டியது.

விஞ்ஞானப் பெயரை மட்டும் கொண்டிருந்தால் இத்தகைய பிழை நேராது என்று சிலர் கூறலாம். அப்பெயரின் வரலாற்றைப் பார்ப்போம். 1753ஆம் ஆண்டில் லின்னேயஸ் இக்கொடிக்குக் ‘கிலாண்டினா பாண்டக்’ என்று பெயரிட்டார். பின்வந்தோர் பலர், அவரே வேறொரு கொடிக்கு இட்ட ‘சிசால்பினியா கிரிஸ்டா’ என்னும் பெயரைக் கழற்சிக்கு வழங்கினர். 1938இல் டாண்டி, எக்ஸல் என்னும் இருவர் இக்குழப்பத்தை ஆராய்ந்து, கழற்சிக்குரிய பெயர் ‘சிசால்பினியா பாண்டக்’ என்று நிறுவினர். 2016இல் மரபணு ஆராய்ச்சியின் விளைவாக அது மீண்டும் ‘கிலாண்டினா பாண்டக்’ ஆயிற்று.

கிரிஸ்டா என்னும் பெயருக்கு உண்மையில் உரியது, சுந்தரவனம் போன்ற கழிமுகக் காடுகளின் உட்புறத்திலும் ஆற்றோரச் சதுப்புகளிலும் படரும் மற்றொரு முட்கொடி. அதன் காயில் முள் இராது. பெரும்பாலும் ஒரே விதை இருக்கும். ஆகவே, பழைய நூலொன்றில் கிரிஸ்டா என்று கண்டால், அது வேலிக் கழற்சியா, சதுப்புக் கொடியா என்று பெயரைக் கொண்டு மட்டும் துணிய இயலாது. சதுப்பு நிலங்கள் சுருங்கிவரும் இக்காலத்தில், அவற்றின் தாவரப் பட்டியலில் வேலிக்கொடி ஒன்று புகுந்துவிட்டால் எதைக் காக்கிறோம் என்பதே தெரியாமற்போகும்.

இத்தனை மாற்றங்களுக்கிடையே தமிழ்ப் பெயர் மாறவில்லை. கழங்கு என்னும் சொல் சங்க நூல்களிலேயே உண்டு. சோழர் கல்வெட்டுகளில் பொன்னை நிறுத்த ‘கழஞ்சு’ என்னும் அளவும் இக்கொட்டையின் பெயரோடு தொடர்புடையது என்பர். மராட்டியப் பெயரோ ‘கடற் கூழாங்கல்’ என்று பொருள்படும். இக்கொட்டை கடலில் பல மாதம் மிதந்து தொலைவிலுள்ள கரைகளில் ஒதுங்குவது; ஸ்காத்லாந்தின் கரையிலும் இது கண்டெடுக்கப்பட்டுள்ளது. அந்த உண்மையைப் பெயரே தாங்கி நிற்கிறது.

ஊர்ப்பெயர் போதும் என்று நான் வாதிக்கவில்லை. புங்கமும் கழற்சியும் கரஞ்சம் என்னும் ஒரே சொல்லில் அடங்கியதை மேலே கண்டோம். இருவகைப் பெயரும் ஒன்றையொன்று காவல் காக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

கள ஊழியர்கள் ஒரு செடியைக் குறிக்கும்போது விஞ்ஞானப் பெயருடன் அவ்வூர் மக்கள் வழங்கும் பெயர், இடம், நாள், நீர்நிலை, காயின் தன்மை ஆகியவற்றையும் எழுதுவார்களாக. கிளையொன்றை உலர்த்தித் தாளில் ஒட்டி வைப்பின் இன்னும் நன்று; பெயர் எத்தனை முறை மாறினாலும் மாதிரி மாறாது. ஆசிரியர்கள் தங்கள் மாணவர்களை வீட்டிலுள்ள முதியோரிடம் அனுப்பிப் பெயர்களைக் கேட்டுவரச் செய்யலாம். அவ்வாறு எழுதிவந்த பெயர் ஒன்று அன்று என் மேசைமேல் இருந்திருந்தால், புங்கன் விதைகளைச் சுமந்த அந்த ஊழியரின் உழைப்பு வீணாகியிராது.