பரிசும் கூலியும்

வேண்டியவர் ஒருவருக்குத் தம் கையாலேயே மெல்லிய கழுத்துச் சால்வை ஒன்று பின்னிக் கொடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, பருத்தி நூற்கண்டு ஒன்றையும் குரோஷா ஊசி ஒன்றையும் வாங்கி வைத்துக்கொண்டு உட்காருகிறவர், தாம் ஏற்றுக்கொண்ட காரியத்தின் அளவை முதல் நாளில் பெரும்பாலும் உணர்வதில்லை. ஆயினும் அந்தச் சால்வை முடிகிற தறுவாயில், கடைத்தெருவில் தொங்கும் எந்தப் பின்னல் வேலையையும் அவர் பழைய கண்ணோடு பார்க்க இயலாதவராகிவிடுகிறார். அந்தப் பார்வை நம்மில் அநேகருக்கு வாய்க்க வேண்டும் என்பதும், அதிலிருந்து ஒரு நியாயம் பிறக்க வேண்டும் என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

குரோஷா வேலைக்கு வேண்டிய சாதனம் மிக அற்பமானது. நுனியில் சிறு கொக்கி உடைய ஊசி ஒன்று, நூல் ஒன்று. வேலை நடக்கையில் ஊசியில் அவிழாமல் காத்து நிற்க வேண்டியது அநேகமாக ஒரே ஒரு வளையந்தான். அந்த வளையத்தின் வழியே நூலை இழுத்தால் சங்கிலி பிறக்கிறது. ஊசியின்மேல் நூலை ஒருமுறை சுற்றிக்கொண்டு கீழ்வரிசையில் நுழைத்து, நூலை மேலே கொணர்ந்து, இரண்டிரண்டு வளையங்களாகக் கழித்துவந்தால், தையல் வகுப்புகளில் டிரெபிள் என்று சொல்லும் நெட்டைப் பின்னல் அமைகிறது. ஒரு டிரெபிளுக்கும் அடுத்த டிரெபிளுக்கும் நடுவே இரண்டு சங்கிலி விட்டுக்கொண்டே போனால் வரிசை வரிசையாகக் கண்கள் விழுகின்றன. மெல்லிய சால்வையின் சௌந்தரியத்தில் பாதி நூலிலும் பாதி நூல் இல்லாத அந்த வெளியிலும் அடங்கியிருப்பதால், நூலின் பருமனுக்கு வழக்கமாக எடுக்கும் ஊசியைக் காட்டிலும் சற்றே பெரிய ஊசியை எடுத்து, கையைத் தளர விட்டுப் பின்னுவது அனுபவசாலிகளின் வழக்கம். நம் சீதோஷ்ணத்துக்குக் கம்பளி நூலைவிட மெருகேற்றிய பருத்தி நூலே உசிதம். பின்னி முடித்த அன்று அது சுருங்கிக் கோணலாகத்தான் கிடக்கும். அதைக் கண்டு மனம் தளர வேண்டியதில்லை. மென்மையான சோப்பு நீரில் அலசி, முறுக்கிப் பிழியாமல் துவாலைக்குள் வைத்து அமுக்கி ஈரம் வாங்கி, விரிப்பின்மேல் வேண்டிய அளவுக்கு இழுத்து, ஓரம் முழுவதும் துருப்பிடிக்காத குண்டூசிகளைக் குத்தி நிழலில் உலர விட்டால், அதுவரை மூடிக் கிடந்த கண்கள் எல்லாம் திறந்து, பின்னினவர் மனத்திலிருந்த சித்திரம் அப்போதுதான் பிரத்தியட்சமாகிறது.

இனிக் கணக்குக்கு வருவோம். அகலம் 30 சென்டிமீட்டர், நீளம் 160 சென்டிமீட்டர், கண் ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டர் சதுரம் என்று கொண்டால், அந்தச் சால்வையில் 4,800 கண்கள் இருக்கும். நன்கு பழகிய கை கண் ஒன்றுக்குப் பத்து விநாடிதான் எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொண்டாலும், மொத்தம் 13 மணி நேரத்துக்கு மேல் போகிறது. நூல்முனைகளைச் செருகி மறைப்பதும், ஓரம் கட்டுவதும், அலசி உலர்த்துவதும், எண்ணிக்கை தப்பியதைக் கண்டு வரிசையைப் பிரித்துத் திரும்பப் போடுவதும் இதில் சேரவில்லை. இது வெறும் வலைப்பின்னலுக்கான கணக்கு. பூவும் இலையும் கலந்தால் நேரம் பன்மடங்காகும்.

யந்திரம் வந்து இந்த நேரத்தைக் குறைத்துவிட்டதோ என்றால், அதுவும் இல்லை. இரட்டை ஊசிப் பின்னலுக்கு வில்லியம் லீ 1589-லேயே இங்கிலாந்தில் யந்திரம் அமைத்துவிட்டார். 1809-இல் ஜான் ஹீத்கோட் லேஸ் வலை நெய்யும் யந்திரத்துக்கு உரிமை பெற்றார். இரட்டை ஊசிப் பின்னலில் வளையங்கள் எல்லாம் ஒரே வரிசையில் காத்து நிற்பதால் அத்தனைக்கும் அத்தனை ஊசி வைத்து யந்திரம் ஒரே வீச்சில் பின்னிவிட முடிகிறது. குரோஷாவிலோ கொக்கி ஒவ்வொரு தடவையும் முன்பு பின்னிய இடத்துக்குள் தானே வழி தேடி நுழைந்து நூலைப் பற்ற வேண்டியிருக்கிறது. கண்ணும் விரலும் சேர்ந்து செய்யும் அந்தக் காரியத்தை வணிக அளவில் செய்யும் யந்திரம் இன்றுவரை வழக்கத்துக்கு வரவில்லை. குரோஷாவைப் போலத் தோற்றமளிக்கும் யந்திரத் துணிகள் உண்டு. ஆனால் மெய்யான குரோஷா எங்கே விற்றாலும், எவ்வளவு மலிவாக விற்றாலும், அதை மனிதக் கை ஒன்றே பின்னியிருக்கிறது.

அந்தக் கையின் உழைப்பு பரிசாகச் செல்லும்போது விலை என்ற பேச்சுக்கே இடமில்லை. தென்னாப்பிரிக்கப் போர் நடந்த 1900-ஆம் ஆண்டில், எண்பது வயது நிறைந்த விக்டோரியா மகாராணி காக்கி நிறக் கம்பளி நூலில் தாமே குரோஷாவில் பின்னி, தம் பெயரெழுத்துகளையும் பொறித்த எட்டுச் சால்வைகள் போர்முனைக்குச் சென்றன. நால்வர் பிரிட்டிஷ் படையிலும், நால்வர் கனடா, ஆஸ்திரேலியா முதலிய குடியேற்ற நாடுகளின் படைகளிலும் அவற்றைப் பெற்றனர். கான்பெராவிலும் ஒட்டாவாவிலும் உள்ள போர்க் காட்சிச்சாலைகள் அவற்றில் சிலவற்றைப் போற்றிப் பாதுகாக்கின்றன. மகாராணியாயினும் பக்கத்து வீட்டுப் பாட்டியாயினும், தம் ஆயுளின் சில மணி நேரத்தை மனமுவந்து எடுத்துக் கொடுக்கிறார். கொடுத்தவரே கேட்காத கூலியைப் பற்றி மூன்றாமவர் பேசுவது அபசாரம்.

விற்பனைக்கென்று பின்னப்படும் சால்வையின் கதை வேறு. அயர்லாந்தில் 1845-இல் தொடங்கிய பெரும் பஞ்சத்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து குடும்பங்கள் பட்டினி கிடந்தபோது, கன்னிமாடத்துச் சகோதரிகளும் குளோன்ஸ் ஊரின் பாதிரியார் மனைவி கசாண்ட்ரா ஹாண்ட் போன்றவர்களும் குரோஷா லேஸைக் கற்றுக்கொடுத்து, அதன் வருமானத்தால் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரியச் செய்தார்கள். நம் பக்கத்திலும் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் 1820-களில் தொடங்கிய லேஸ் வேலை (அது தலையணைமேல் கட்டைகளை மாற்றிப் போட்டுச் செய்யும் வேறு வகை) அடிமைக் குடும்பங்களில் பிறந்த சிறுமியர் தங்கள் விடுதலையையே விலை கொடுத்து வாங்க உதவியது. கூலி ஒழுங்காகக் கைக்கு வந்தால் இந்த நூல்வேலை ஒரு பெண்ணின் தலைவிதியை மாற்றக்கூடியது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

ஆந்திரத்தின் மேற்குக் கோதாவரி மாவட்டத்து நரசாபுரத்தைப் பற்றி நினைக்கும்போதுதான் மனம் கனக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் மிஷனரிமார் கற்றுக்கொடுத்த குரோஷா அங்கே தலைமுறை தலைமுறையாகப் பெண்களின் கையில் வளர்ந்து கடல்கடந்து விலைபோகிறது. ஜெர்மானியச் சமூகவியலறிஞர் மரியா மீஸ் அங்கே தங்கி ஆராய்ந்து 1982-இல் வெளியிட்ட நூல், அப்பெண்கள் வீட்டு வேலைகளுக்கு மேலாக நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் பின்னியதையும், அவர்கள் பெற்ற கூலி வயல் கூலிக்கும் தாழ்ந்திருந்ததையும், தரகர்களும் ஏற்றுமதி வியாபாரிகளும் செழித்ததையும் எடுத்துக்காட்டியது. அந்த அநியாயம் நிலைபெறத் துணைநின்றது ஓர் எண்ணம்: அவர்கள் தொழிலாளர் அல்லர், ஓய்வு நேரத்தில் சும்மா இராமல் பின்னுகிற குடும்ப ஸ்திரீகள் என்பதுதான் அது. பூ பின்னுகிறவள் ஒருத்தி, பூக்களை இணைக்கிறவள் இன்னொருத்தி என்று வேலை வீடு வீடாகப் பிரிந்து கிடந்தபடியால், அவர்கள் ஒன்றுகூடிக் கூலி கேட்கவும் வழி அரிதாயிற்று.

வீட்டில் பரிசுக்காகப் பின்னுகிறவர் அதை ஓய்வு நேரத்து இன்பம் என்று சொல்லிக்கொள்ளலாம். அவருக்கு அது உண்மை. அந்தப் பேச்சையே சந்தைக்குத் தூக்கிக்கொண்டு வந்து, உலைக்கு அரிசி வேண்டிப் பின்னுகிற பெண்ணிடம் சொல்லி அவள் கூலியைக் குறைப்பதை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன். இது வாங்குகிற நம்மையும் சேர்ந்த பழி. கண்காட்சியில் ஒரு குரோஷா மேசைவிரிப்பைத் தடவிப் பார்த்து, வீட்டில் சும்மா இருக்கும்போது போடுவதுதானே என்று சொல்லிப் பாதி விலைக்குக் கேட்கிறவர்களை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அவர்களில் பெரும்பாலோர் கொடியவர்கள் அல்லர். அந்த விரிப்புக்குள் எத்தனை நாட்கள் இருக்கின்றன என்பதை ஒருவரும் அவர்களுக்குச் சொன்னதில்லை.

ஆகையால் சொல்லவேண்டிய இடத்தில் அதைச் சொல்லிவைக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. நரசாபுரம் குரோஷாவுக்கு 2024-இல் புவிசார் குறியீடு கிடைத்தது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அந்தக் குறியீடு பொருள் பிறந்த ஊரைச் சொல்லுமேயன்றிப் பின்னியவள் பெற்ற கூலியைச் சொல்லாது. ஆந்திர அரசின் லேபாக்ஷி விற்பனை நிலையங்களும், அந்தப் பொருளை வாங்கி விற்கும் மற்ற மாநில அங்காடிகளும், விலைச்சீட்டின்மேல் இரண்டு வரிகளைச் சேர்க்கட்டும்: இதைப் பின்ன ஆன மணி நேரம் இவ்வளவு, பின்னியவர் கைக்குச் சென்ற தொகை இவ்வளவு. இதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. கொள்முதல் செய்யும்போது கேட்டு எழுதிக்கொண்டால் போதும். ஏற்றுமதியாளர்களும் தனியார் கடைகளும் பின்தொடரும் வரையில் காத்திராமல், அரசாங்கக் கடைகளே வரும் பண்டிகைக்காலக் கொள்முதலிலிருந்து இதைத் தொடங்கிவிடலாம்.